பேர் சொல்லிச் செய்த மன்றாட்டு

காலை பத்து மணி ஆனால் அருளாயி வந்துவிடுவாள். செருப்பை வாசலில் விடுவாள், முந்தானையை இடுப்பில் சொருகுவாள், நேராக உள்ளே போய்க் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொள்வாள். இந்தப் பக்கம் ராக்கினி. நடுவில் ராக்கினியின் புருஷன் சந்தியாகு. பக்கவாதம் வந்து ஐந்து வருஷம் ஆகிறது. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே நாளில் போய்விட்டன. ஆனால் ஆள் இளைக்கவில்லை. முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டிய உடம்பு. ஒருத்தியாகப் புரட்ட முடியாது. விரிப்பின் இரண்டு முனையை இவள் பிடிக்க, இரண்டு முனையை அவள் பிடிக்க, ஒரே மூச்சில் தூக்கிச் சாய்த்தால்தான் முதுகைத் துடைக்கலாம், பவுடர் போடலாம், படுக்கைப் புண் வராமல் பார்க்கலாம்.

முன்பெல்லாம் இந்த வேலை நடக்கும்போது இரண்டு பேர் வாயும் சும்மா இருக்காது. நல்லெண்ணெய் விலையிலிருந்து பங்குச் சாமியாரின் பிரசங்கம் வரைக்கும் ஒன்றையும் விடமாட்டார்கள். சந்தியாகு கண்ணை உருட்டி உருட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். இப்போது இரண்டு மாதமாக அருளாயி வாயைத் திறப்பதில்லை. வருவாள், பிடிப்பாள், தூக்குவாள், போவாள். "வந்துட்டீகளா மதினி" என்றால் பதில் கிடையாது. "காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றால் செருப்பு மாட்டும் சத்தம்தான் பதில். வையவும் மாட்டேன் என்கிறாள். வைதிருந்தாலாவது ராக்கினி ஒரு பாட்டம் அழுது தீர்த்திருப்பாள். வராமலே இருந்திருந்தால் கோபமாவது பட்டிருக்கலாம். இது எந்த ஊர்த் தண்டனை, சொல்லுங்கள்!

தப்பு ராக்கினி மேல்தான். அதை ஒளித்து மறைத்துப் பேசுவதில் புண்ணியமில்லை.

காரைக்குடியில் அவர்கள் தெருவில் ஓர் அன்பியம் உண்டு. அக்கம்பக்கத்துக் கத்தோலிக்க வீடுகள் பதினான்கைச் சேர்த்துக் கோயிலில் பிரித்துக் கொடுத்த சின்னக் கூட்டம். குழந்தை தெரசாள் அன்பியம் என்று பெயர். வியாழக்கிழமை சாயந்திரம் ஆறரைக்கு யாராவது ஒருவர் வீட்டில் பாய் விரித்து உட்காருவார்கள். ஒரு பாட்டு, ஒரு நற்செய்திப் பகுதி. வாசித்து முடித்ததும் மனசில் பட்ட வார்த்தையை ஒவ்வொருவரும் மூன்று தடவை சத்தமாகச் சொல்ல வேண்டும். பிறகு கொஞ்ச நேரம் அமைதி, அதற்குப் பிறகு பகிர்வு, கடைசியில் மன்றாட்டு. ஒருவர் வேண்டுதலைச் சொன்னால் மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்பார்கள். அப்புறம் சுக்குக் காப்பி, வடை, வீட்டுக் கதை.

சந்தியாகு விழுந்த வருஷம்தான் ராக்கினி இதில் ஒழுங்காகப் போக ஆரம்பித்தாள். பக்தி மிஞ்சிப் போனாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் அவள் உட்கார முடிந்த நேரம். பொழுது விடிந்தால் துணி அலசுவது, கஞ்சி வடிப்பது, மாத்திரை பொடிப்பது. பதினோரு மணிக்குக் கல்யாணப் பலகாரம் செய்கிற வீட்டுக்கு ஓடவேண்டும். அங்கே தேன்குழலும் சீப்புச்சீடையும் பிழிந்து பிழிந்து தோள்பட்டை இற்றுப்போய் நாலரைக்குத் திரும்பினால் மறுபடியும் துணி, கஞ்சி, மாத்திரை. இடையில் எதிர்வீட்டுச் சித்ரா இரண்டு தடவை எட்டிப் பார்த்துச் சந்தியாகுவுக்குத் தண்ணீர் கொடுப்பாள். மகன் திருப்பூரில் இருக்கிறான், மாதம் ஒரு ஞாயிறு வந்து அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டுப் போவான். அவ்வளவுதான் ஆள் பலம். முதல் ஆறு மாதம் அன்பியத்தில் அவள் சுவரில் சாய்ந்து தூங்கினாள் என்பதே உண்மை. யாரும் எழுப்பவில்லை. அந்த நன்றி அவளுக்கு எப்போதும் உண்டு.

அப்புறம் மெல்ல வாய் திறந்தாள். திறக்க வைத்தது சவரியம்மா டீச்சர். ஓய்வு பெற்றும் டீச்சர்தான். அன்பியத்தையும் ஐந்தாம் வகுப்பு மாதிரிதான் நடத்துவார். "பொத்தாம் பொதுவா ஜெபிக்காதீக. உலக சமாதானம், உலக சமாதானம்னா ஆண்டவரு எங்குட்டுப் போவாரு? யாருக்கு, என்ன வேணும்னு பேர் சொல்லிக் கேளுங்க" என்பார். ராக்கினி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சித்ராவின் பேறுகாலம், பலகார வீட்டு நாச்சியம்மை ஆச்சிக்குக் கண் ஆபரேஷன், தண்ணீர் வராத குழாய், எல்லாம் அவள் வாயில் மன்றாட்டாக வரும். கேட்பவர்களுக்குக் கண் கலங்கிப் போகும். கடைசியாகத் தன் புருஷனுக்கு வருவாள்: "அஞ்சு வருசமா சிலுவை சுமக்கிற என் கணவர் சந்தியாகுவுக்குப் பூரண சுகம் தாரும்." மூன்றாம் வருஷமே அவளை அன்பியப் பொறுப்பாளர் ஆக்கிவிட்டார்கள். "ராக்கினி ஜெப வாழ்வுல எப்படி வளந்திருக்கா பாத்தீகளா" என்று பங்குச் சாமியாரே கோயிலில் வைத்துச் சொன்னார். அவளுக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது. வளர்ந்தது என்னவோ வாய்தான். அது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

அருளாயி அப்படியில்லை. அன்பியத்தில் அவள் பேசியதே கிடையாது. விதவை, மகன் டெனிஸ், மகள் பிரின்ஸி. சந்தியாகுவுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி முறை. டெனிஸ் கோயம்புத்தூரில் கம்பெனியில் இருக்கிறான் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஒரு நாள் காலையில் விரிப்பின் முனையைப் பிடித்தவள் தூக்காமல் அப்படியே நின்றாள். என்ன மதினி என்றதற்கு உடைந்துபோய்ச் சொன்னாள். கோயம்புத்தூரும் இல்லை, கம்பெனியும் இல்லை. பையன் குடித்துக் குடித்து வீட்டுச் சாமானையெல்லாம் உடைத்துக் கடைசியில் தங்கச்சி மேலேயே கை வைத்துவிட்டான். மதுரைக்கு அங்குட்டு ஒரு மறுவாழ்வு இல்லத்தில் கொண்டுபோய் விட்டு நாற்பது நாள் ஆகிறது.

"செத்தாலும் யார்கிட்டயும் சொல்லிராதத்தா. பிரின்ஸிக்கு டீச்சரம்மா தங்கச்சி மகனைப் பேசிக்கிட்டு இருக்கோம். தேவகோட்டைக்காரவுக. கௌரவம் பாக்குறவுக. தெரிஞ்சா அம்புட்டுத்தான்" என்றாள் அருளாயி.

"நான் ஏன் மதினி சொல்லப்போறேன்" என்றாள் ராக்கினி. மனசாரத்தான் சொன்னாள். கட்டிலில் கிடந்த சந்தியாகுவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும், பேச்சுதான் இல்லை. ரகசியம் அவரிடம் பத்திரமாகவே இருந்தது.

அடுத்த வியாழன் கூட்டம் டீச்சர் வீட்டில். அன்றைக்கு மூன்று கல்யாண ஆர்டர். ராக்கினிக்கு நிற்கவே தெம்பில்லை. நற்செய்தி வாசிக்கும்போதே இரண்டு தடவை கண் சொருகியது. மன்றாட்டு நேரம் வந்தது. வழக்கமான பேர்களையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். பக்கத்தில் அருளாயி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள், முகம் வற்றிப்போய். அதைப் பார்த்ததும் ராக்கினிக்கு அடிவயிற்றிலிருந்து பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. பொங்கியது அப்படியே வாய் வழியாக வந்துவிட்டது.

"குடிக்கு அடிமையாகி மறுவாழ்வு இல்லத்துல இருக்கிற எங்க பிள்ளை டெனிசுக்கு முழு விடுதலை தாரும் ஆண்டவரே."

எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. அதற்குள் பழக்க தோஷத்தில் அத்தனை பேரும் சேர்ந்து, ராகம் பிசகாமல், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு கண்ணாகத் திறந்தது. டீச்சர் அருளாயியைப் பார்த்தார். அருளாயி யாரையும் பார்க்கவில்லை. வடை வருவதற்கு முன்னால் எழுந்து போய்விட்டாள்.

ஒருத்தி காதைக் கடித்துச் சொல்லியிருந்தால் இல்லை என்று சாதித்திருக்கலாம். புறணி என்று தள்ளியிருக்கலாம். ஜெபத்தில் சொன்னதை எப்படி இல்லை என்பது?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டீச்சர் அருளாயியைத் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்னு தேவகோட்டையில நெனைக்கிறாக" என்றார். நல்ல மனுஷிதான் டீச்சர். சொல்லும்போது அவர் கண்ணும் கலங்கியதாம். ஆனாலும் சம்பந்தம் அத்தோடு நின்றது. பிரின்ஸி இரண்டு நாள் சாப்பிடவில்லை. அருளாயி அன்பியத்துக்கு வருவதை நிறுத்தினாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு இனி யார் வரப்போகிறார்கள் என்று ராக்கினி கதவைப் பார்க்காமலே உட்கார்ந்திருந்தாள். செருப்புச் சத்தம் கேட்டது. உள்ளே வந்த அருளாயி விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"எங்க அண்ணனுக்காகத்தான் வாரேன். உனக்காக வரலை."

அந்தக் கட்டிலடியில் அதுதான் கடைசிப் பேச்சு.

செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்ல ராக்கினி பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கிட்ட சொல்றது இருக்கட்டும்மா, அவங்ககிட்ட போய்க் கேளுங்க" என்றார். போனாள். அருளாயி வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ராக்கினி அழுதுகொண்டே, "மதினி, என்னைய மன்னிச்சிருங்க. புத்தி கெட்டுப்போய்ப் பண்ணிட்டேன்" என்றாள். அருளாயி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மன்னிச்சாச்சு. ஜெபந்தானே பண்ணுன" என்றாள். அதற்குமேல் அங்கே நின்று என்ன செய்வது? திரும்பி வந்துவிட்டாள்.

இப்படி ஓடியது இரண்டு மாதம். ராக்கினிக்கு உடம்பு ஓய்ந்ததைவிட மனசு ஓய்ந்துபோனது. எத்தனை வேலை இருந்தாலும் அந்தப் பத்து மணிப் பேச்சில்தான் அன்றைய நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள் என்பது அது போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. வியாழக்கிழமை போவாள். பொறுப்பாளர் ஆயிற்றே, போகாமல் முடியாது. மன்றாட்டு வந்தால் உலக சமாதானத்தோடு நிறுத்திக்கொள்வாள். டீச்சரும் இப்போதெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை.

அப்புறம் ஒரு வியாழன், கூட்டம் மறுபடியும் டீச்சர் வீட்டில். அன்றைக்கு வந்த நற்செய்திப் பகுதி எல்லாருக்கும் தெரிந்ததுதான். கைகால் விளங்காத திமிர்வாதக்காரன் ஒருவனை நாலு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கூட்டத்தில் நுழைய முடியாமல் கூரையைப் பிரித்து இயேசுவுக்கு முன்னால் இறக்குகிறார்கள். இந்தப் பகுதி வந்தாலே எல்லாக் கண்ணும் ராக்கினி பக்கம் திரும்பும். அவளும் தயாராக வைத்திருப்பாள்: விசுவாசம் இருந்தால் என் கணவரும் ஒரு நாள் எழுந்து நடப்பார். இரண்டு மூன்று பேர் மூக்கை உறிஞ்சுவார்கள்.

வார்த்தை சொல்லும் நேரம் வந்தது. யாரோ "எழுந்து நட" என்றார்கள், யாரோ "விசுவாசம்" என்றார்கள். ராக்கினி முறை. "நாலு பேரு" என்றாள். மறுபடியும், "நாலு பேரு." மூன்றாவது தடவை சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

பகிர்வுக்கு வந்தபோது டீச்சர், "சொல்லு ராக்கினி" என்றார். ராக்கினி வாயைத் திறந்தாள். பழைய பேச்சு வரும் என்றுதான் அவளும் நினைத்தாள். வரவில்லை.

"அந்த ஆளைத் தூக்க நாலு பேரு இருந்தாக. எனக்கு ஒரே ஒரு ஆளு. அந்த ஆளு வாயை நான் அடைச்சுப்புட்டேன். அவுக வீட்டுச் சங்கதியை இந்தப் பாயில உக்காந்துதான் உடைச்சேன். அதனால என் சங்கதியையும் இதே பாயில சொல்லிப்புடுறேன்" என்றாள்.

டீச்சர் கையிலிருந்த வேதாகமத்தை மூடி வைத்தார், ராக்கினி நிறுத்தவில்லை.

"எங்க வீட்டுக்காரவுகளுக்குச் சுகம் தாரும், சுகம் தாரும்னு உங்க முன்னால அஞ்சு வருசமாக் கேக்குறேன். நீங்களும் கூடவே சொல்லுறீக. அம்புட்டும் பொய்யி. வீட்டுல நான் கேக்குறது வேற. இவுகளை இன்னைக்கே கூட்டிக்கிரும் ஆண்டவரேன்னுதான் கேக்குறேன். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, தெனமும். அவுக கஷ்டம் தீரணும்னு கேக்கலை, டீச்சர். அப்படின்னா கூடப் பரவாயில்லை. எனக்காகக் கேக்குறேன். எனக்கு ஒரு நாள் முழுசாத் தூங்கணும். அதுக்காகக் கட்டுன புருஷன் சாகணும்னு கேக்குறவ நான். என்னைய போயி ஜெபத்துல வளந்தவங்கிறீக."

கண்ணீர்கூட வரவில்லை அவளுக்கு. பேசி முடித்துவிட்டுப் பாயின் கோரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீச்சர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றும் போதிக்கவில்லை. அன்றைக்கு மன்றாட்டே நடக்கவில்லை. எல்லாரும் மெதுவாக ஒரு பரலோக மந்திரம் சொல்லிவிட்டு எழுந்தார்கள். வடையைப் பாதிப் பேர் தொடவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ராக்கினிக்கு அதே நினைப்பு. நாளைக்குத் தெரு முழுக்கத் தெரியும். திருப்பூருக்குத் தெரியும். மகன் என்ன நினைப்பான்? தெரிந்தால் தெரியட்டும் என்று ஒரு பக்கம் அலுப்பு, ஐயோ என்ன காரியம் செய்தோம் என்று ஒரு பக்கம் பயம். சந்தியாகுவுக்கு இட்லியைப் பிசைந்து ஊட்டும்போது அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. அவர் இடது கையால் அவள் கையில் ஒட்டியிருந்த இட்லித் துணுக்கை வழக்கம்போலத் துடைத்துவிட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

மறுநாள் பத்து மணி. அருளாயி வந்தாள். செருப்பை விட்டாள், முந்தானையைச் சொருகினாள், பிடித்தாள், தூக்கினாள். முதுகைத் துடைத்தார்கள். நனைந்த விரிப்பை எடுத்துக்கொண்டு ராக்கினி கொல்லைக் குழாயடிக்குப் போனாள். பின்னால் காலடிச் சத்தம். வழக்கமாக இந்நேரம் போய்விடுகிற அருளாயி கூடவே வந்து நின்றாள். அலசி முடித்ததும் விரிப்பின் மறு முனையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நின்று முறுக்கினார்கள்.

"நேத்து என்னமோ சொன்னியாமே" என்றாள் அருளாயி.

"ஆமா மதினி."

"நெசமாவே அப்படிக் கேக்குறியா?"

"நெசந்தான். நேத்துப் பேசிட்டு வந்து படுத்தும் அதைத்தான் கேட்டேன்."

முறுக்கிய விரிப்பிலிருந்து தண்ணீர் சொட்டுவது நின்ற பிறகும் இரண்டு பேரும் முறுக்கிக்கொண்டே நின்றார்கள். அப்புறம் அருளாயி வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"டெனிசை அங்க கொண்டுபோயி விடுறதுக்கு முந்தின நாளு. பிரின்ஸி கன்னம் வீங்கிக் கெடக்கா. அவன் வாசல்ல வாந்தியெடுத்து அதுலயே விழுந்து கெடக்கான். நான் மாதா படத்துக்கு முன்னால போயி நின்னேன். தாயே, இவனை எடுத்துக்கன்னேன். பெத்தவ நான். பத்து மாசம் சுமந்தவ. என் வாயால கேட்டேன்."

ராக்கினி முறுக்குவதை நிறுத்தினாள்.

"அன்னைக்கு உங்கிட்ட மத்ததைச் சொன்னப்ப இதையும் சொல்ல வந்தேன். தொண்டை வரைக்கும் வந்துருச்சு. என்னமோ சொல்லலை. நல்லவேளை இவகிட்ட சொல்லலைன்னு ரெண்டு மாசமா நெனைச்சுக்கிட்டே இங்குட்டு வந்து போயிக்கிட்டு இருந்தேன்" என்றாள் அருளாயி. "இப்பச் சொல்லிட்டேன்."

யாரிடமும் சொல்லமாட்டேன் மதினி என்று சொல்ல ராக்கினிக்கு நாக்கு எழும்பியது. அந்த வாயால் அந்த வாக்கை ஒரு தடவை கொடுத்தாகிவிட்டதே. மறுபடியும் கொடுக்க வெட்கமாக இருந்தது. வாயை இறுக மூடிக்கொண்டாள். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அடுத்தவர் சங்கதி ஒன்றைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றாள். அது கனத்தது. கண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது.

அருளாயி அவளிடமிருந்து விரிப்பை வாங்கிக் கொடியில் உதறிப் போட்டாள்.

"அழுது முடிச்சிட்டு மொகத்தைக் கழுவிக்கிட்டுப் போத்தா. பலகார வீட்டுக்கு நேரமாச்சுல்ல. அண்ணனுக்குக் கஞ்சி நான் குடுத்துக்கிறேன்."